பல்லிக்கு இரண்டு பெயர்: பதின்வயதுப் பிள்ளைகளுக்கு டிஸ்டோபியா எழுதுவது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் நான் வளர்ந்த தெருவுக்கு அப்போது பெயர் கிடையாது, எண்தான். பேட்டைக்கும் எண்தான்: யூனிட் 7. இப்படி மொத்தம் 11 யூனிட். என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யாராவது முகவரி கேட்டால் யூனிட், தெரு, வீடு என்று மூன்று எண்களையும் பாட்டு மாதிரி ஒப்பித்துவிடுவார். அதற்கு முன்னால், அரசு இந்தியர்களைக் கிளப்பிவிடும்வரை, டர்பனின் கேட்டோ மேனரில் இருந்தபோது "மாமரத்து வீடு" என்றாலே போதுமாம்.

டிஸ்டோபியா என்றால் கெட்டுப்போன எதிர்காலத்தைச் சொல்லும் கதை. அப்படி ஒரு நாவலின் முதல் பக்கத்துக்கு இவ்வளவு இருந்தால் போதும். அது எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆனது.

சனிக்கிழமை காலைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 13 முதல் 17 வயது வரை ஒன்பது பிள்ளைகள். ஆங்கிலத்தில் அவர்கள் விழுந்து விழுந்து படிப்பது ஒரே வகைக் கதைதான்: நாசமாய்ப்போன நகரம், கொடுங்கோல் அரசு, அதை எதிர்த்து நிற்கும் ஒரு பதினாறு வயதுப் பெண். ஒருநாள் ஒருத்தி கேட்டாள், "ஆண்ட்டி, தமிழ்ல இதெல்லாம் கிடையாதா? எப்பப் பாத்தாலும் காக்கா, நரி, வடைதானா?" சுருக்கென்று தைத்தது. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்களும் உட்காரப்போகிறீர்கள் என்றால் நான் விழுந்த குழிகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் குழி, உலகம் அழிந்த கதை. 2190ஆம் ஆண்டு, மூன்றாம் உலகப் போர், கடல்மட்டம், ரோபோக்கள், பிறகு நாட்டின் வரலாற்றை ஒன்பது பக்கம் விளக்கும் ஒரு மந்திரி. வகுப்பில் வாய்விட்டுப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் கடைசி வரிசைப் பையன் ஒருவன் சத்தம் வராமல் சமூசாப் பொட்டலத்தைப் பிரித்தான். அவன்தான் அன்றிலிருந்து என் விமர்சகன். அவன் கை பொட்டலத்தின் பக்கம் போனால் அந்தப் பத்தியை வெட்டிவிடுவேன்.

உலகம் எப்படி அழிந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் சரி, வாசகருக்கு வேண்டாம். அவருக்கு வேண்டியது ஒரு விதி. ஒன்றே ஒன்று. அது பதினைந்து வயதுப் பிள்ளையைக் காலைப் பலகாரத்துக்கு முன்னாலேயே தொட வேண்டும். இன்னொன்று, அந்த விதி பிறந்தபோது அதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் கேட்பவர் தலையாட்டும்படியாவது. காரணமே இல்லாமல் கொடுமை செய்கிற அரசன் அம்புலிமாமாவுக்குச் சரி. பதினான்கு வயதுப் பிள்ளை அவனைப் பார்த்துப் பயப்படாது.

விதிக்கு எங்கே போவது? நாம் இருக்கிற நாட்டைக் கொஞ்சம் தோண்டினாலே போதும். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் யாரும் குடியிருக்கக் கூடாது என்று 1891இல் போட்ட சட்டம் 1980கள் வரை இருந்தது. ஜோஹானஸ்பர்க்குக்குக் காரில் போகிற நம் ஆட்கள் அந்த மாகாணத்தில் இரவு தங்காமல் தாண்டிவிட வேண்டியிருந்தது. நிறவெறிக் காலத்தில் அரசு ஒருவருக்குத் தடையாணை போட்டுவிட்டால் அவர் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக் கூடாது, அவர் சொன்னதைப் பத்திரிகையில் அச்சிடவும் கூடாது. 1976 ஜனவரி வரை இந்த நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது. வசதி இல்லாமல் இல்லை, அரசு விடவில்லை. தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது நழுவி விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து இனம் முடிவு செய்தார்கள். அடையாள எண்ணின் கடைசிப் பகுதியில் இனத்துக்கென்றே இலக்கம் வைத்திருந்தார்கள். இன்னும் பின்னால் போனால் 1913. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று கேப் டவுனில் ஒரு நீதிபதி தீர்ப்பு எழுதினார். காலையில் எழுந்து பார்த்தால் ஊரில் இருக்கிற அம்மாக்கள் யாருக்கும் கல்யாணமே ஆகவில்லை! இதைக் கற்பனை செய்ய நம்மில் எவருக்காவது துணிச்சல் வருமா?

இவற்றை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள். அடுத்த வரி என்னவென்று அவர்களுக்குத் தெரியும். வேறு வேறு காலத்து விதிகள் இரண்டை எடுத்து முடிச்சுப் போடுங்கள். நான் ஃப்ரீ ஸ்டேட்டின் இரவு விதியை எடுத்தேன். கூடவே 2018இல் கேப் டவுனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று தண்ணீரை அளந்ததை எடுத்தேன். இரண்டையும் சேர்த்தால்: தண்ணீரைத் தலைக்கு இவ்வளவு என்று தருகிற நகரம். தலையை எப்போது எண்ணுவது? எல்லாரும் வீட்டில் இருக்கும் இரவில். ஆகவே, பொழுது சாய்ந்தபின் அடுத்தவர் வீட்டில் யாரும் தங்கக் கூடாது. தங்குகிற விருந்தாளி தண்ணீர்த் திருடன். என் உலகம் இவ்வளவுதான்.

அடுத்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு, இந்த விதி எதையெல்லாம் கெடுக்கும் என்று எழுதுங்கள். இதில் அவசரப்படாதீர்கள், நாவலே இங்கேதான் கிடைக்கும். என் தாளில் முதலில் வந்தது சிநேகிதி வீட்டில் படுத்துப் பேசிக்கொண்டே தூங்குவது. பிறகு கல்யாண வீடு. பிறகு பிரசவத்துக்கு வந்து தங்கும் அம்மா. கடைசியில் வந்தது சாவு. நம் வீடுகளில் பிணத்தை இரவில் தனியே விடமாட்டோம். என் ஆயா போன இரவு வீட்டிலும் வாசல் பந்தலிலுமாக நாற்பது பேர் விழித்திருந்தார்கள். பெரிய டீ பாய்லர் விடியும்வரை அணையவில்லை. அந்த நகரத்தில் அதே இரவு வந்தால் நாற்பது திருடர்கள்! பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கதையின் உச்சம் எங்கே என்று தெரிந்துவிட்டது.

விதியை உங்கள் மேலேயே ஒருமுறை போட்டும் பாருங்கள். ஒரு சனி, ஞாயிறு ஆளுக்கு 50 லிட்டரில் ஓட்டினோம். வாளிகளை வரிசையாக வைத்து அளந்தேன். குளிப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இல்லை. கக்கூஸ் தொட்டி ஒரு தடவைக்கு ஒன்பது லிட்டர் விழுங்கியது, அடுத்து எண்ணெய்ச் சட்டி. ஞாயிறு மதியமே என் வீட்டுக்காரர் "பொரியல் வேண்டாம், அவிச்சதே போதும்" என்றார். தஞ்சாவூர்க்காரர் வாயிலிருந்து அந்த வார்த்தையை முதல்முறையாகக் கேட்டேன். நாவலில் யாரும் எதையும் வறுக்கமாட்டார்கள். நகரத்தில் கடுகு தாளிக்கிற வாசனை வந்தால் அது பணக்காரர் வீடு. இது நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் வராது. ஏப்ரல் 2022 வெள்ளத்துக்குப் பிறகு டர்பனில் பல இடங்களில் வாரக்கணக்கில் குழாய் காய்ந்து கிடந்தது நினைவிருக்கும். ஊரை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது, நாம் டாங்கர் லாரி வரிசையில் குடத்தோடு நிற்கிறோம். அந்த வரிசையில் யார் யாரை எப்படிப் பார்த்தார்கள் என்பதைக் குறித்து வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள்.

இனி அறிவியல். பிள்ளைகளுக்குக் கதை எழுதும் நம்மவர்கள் பலர் இங்கே "ஓர் அதிநவீனக் கருவி" என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். தப்பிக்காதீர்கள். ஒரு கருவி போதும், ஆனால் அது எப்படி வேலை செய்கிறது, எப்படி ஏமாறும் என்று இரண்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கதை இரண்டாவதில் இருக்கிறது.

இரவில் வீட்டுக்குள் எத்தனை பேர் என்று அரசு எப்படி எண்ணும்? கேமரா என்றால் அலுப்பு. நான் மூச்சைப் பிடித்தேன். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் ஓர் அறையில் தூங்கினால் விடிவதற்குள் அது 2,000ஐயும் தாண்டலாம். மூன்றாவது ஆள் படுத்தால் இன்னும் வேகமாக ஏறும். அதை அளக்கும் பெட்டிகள் இப்போதே கடையில் கிடைக்கின்றன. என் நகரத்தில் ஒவ்வொரு வீட்டு உத்தரத்தின் கீழும் அப்படி ஒன்று. பொருத்திய முதல் வாரம் அது வீட்டின் மூச்சைப் பழகிக்கொள்ளும். அப்புறம் அளவு கூடினால் இரண்டு தரம் கத்தும்.

படித்துக் காட்டியபோது சமூசாக்காரன் கையைத் தூக்கினான். "ஆண்ட்டி, ஜன்னலைத் திறந்து வச்சா முடிஞ்சுதே?" மூன்று மாத வேலை ஒரு கேள்வியில் போச்சு. ஒரு வாரம் தூக்கமில்லை. பிறகுதான் பிடிபட்டது: ஜன்னலைத் திறந்தால் அளவு குறையும், குறைந்தாலும் கத்தட்டும். ஆள் குறைந்தால் அவர் வேறு எங்கேயோ தங்குகிறார் என்றுதானே அர்த்தம்? இப்போது கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. பயம் இரட்டிப்பானது. அந்தப் பையனுக்கு ஒரு பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் பண்டம்) வாங்கிக் கொடுத்தேன்.

சரி, ஏமாற்றுவது எப்படி? ஒரு மெழுகுவத்தி எரியும்போது வருகிற கார்பன் டை ஆக்சைடு, தூங்குகிற ஒரு ஆள் விடுவதில் பாதிக்கு மேல் இருக்கும். எண்ணெய்த் திரி அதைவிடக் கொஞ்சம் குறைவு. நான் போட்ட கணக்கில், குத்துவிளக்கின் ஐந்து முகமும் எரிந்தால் ஏறக்குறைய இரண்டு ஆள். கருவி பொருத்திய அந்த முதல் வாரம் முழுக்கக் கதைநாயகி லோகியின் ஆயா சாமி மாடத்தில் ஐந்து முக விளக்கை விடிய விடிய எரியவிடுகிறாள், அதன் பிறகும் ஒரு இரவுகூட நிறுத்தவில்லை. பக்தி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கருவியோ அதை இரண்டு ஆள் மூச்சாகப் பழகிக்கொண்டது. இதை இரண்டாம் அத்தியாயத்தில் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். பதினோராம் அத்தியாயத்தில் ஆயா இறக்கிறாள். உடலோடு இரவு இருக்க இரண்டு பேரை உள்ளே விடலாம், ஆனால் விளக்கை அணைத்தால்தான். சாவு வீட்டில் விளக்கை அணைப்பதா? அணைத்தாலும் நாற்பது பேரில் எந்த இரண்டு பேர்? லோகி கையில் திரியும் விரலுமாக நிற்கும் இடத்தில் வகுப்பில் ஒருவரும் எதையும் தின்னவில்லை.

கருவிக்குப் பெயர் வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே ஒரு கொடுப்பினை இருக்கிறது. எந்தப் பொருளுக்கும் இரண்டு பெயர் வையுங்கள், அரசு வைத்தது ஒன்று, தெரு வைத்தது ஒன்று. அரசுத் தமிழ் எப்படி இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும்: "இல்லுறை மூச்சுக் கணிப்பான்". கேட்கும்போதே தூக்கம் வருகிறது, அதுதான் வேண்டும். தெரு அதைப் "பல்லி" என்கிறது. சுவரில் ஒட்டியிருக்கிறது, கத்துகிறது, கத்தினால் பலன் உண்டு. பல்லி சொன்னால் பலிக்கும் என்று வளர்ந்த கிழவிகள் அந்தப் பெட்டியை நிமிர்ந்து பார்க்கும்போது நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அதேபோல வீட்டைவிட்டுத் துரத்துவதற்கு அரசு ஒருபோதும் "துரத்துதல்" என்று எழுதாது. ஆயாவுக்கு வந்த காகிதத்தில் இருந்த வார்த்தைக்கு அர்த்தம் ஏதோ இடம் மாற்றித் தருகிறோம் என்கிற மாதிரிதான். கேட்டோ மேனரைக் காலி செய்தபின் அந்த நிலத்தின் பெரும்பகுதி பல வருஷம் சும்மா புதர் மண்டிக் கிடந்தது. மாமரம் இருந்ததா என்று போய்ப் பார்க்க ஆயா சம்மதிக்கவே இல்லை.

கதைநாயகிக்கு வருவோம். வயது 15 அல்லது 16, அதற்கு மேல் வேண்டாம். அவள் உலகத்தைக் காப்பாற்ற விரும்பக் கூடாது. சின்ன ஆசை போதும். லோகிக்கு வேண்டியது ஒன்றுதான்: அடுத்த வீட்டில் ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். யார் குறட்டை விடுவார்கள், எந்தக் கதவு கிரீச்சிடும். பிறந்ததிலிருந்து அவள் தன் வீட்டு இருட்டைத் தவிர வேறு இருட்டைப் பார்த்ததில்லை.

ஆங்கிலக் கதைகளில் வசதிக்காக அப்பா அம்மாவை முதல் அத்தியாயத்திலேயே சாகடித்துவிடுகிறார்கள். நம்மால் முடியாது. அம்மா போனால் சித்தி வருவார், பெரியம்மா வருவார், மாமா தெருமுனையில் நிற்பார். நம் வீட்டில் பதினைந்து வயதுப் பெண் ஒரு ரகசியத்தை ஒரு நாள் காப்பாற்றுவதே சாகசம். அதையே பயன்படுத்துங்கள். லோகியின் அம்மாவை நான் குடிநீர் வாரியத்தில் பல்லி பார்க்கும் வேலைக்கு வைத்தேன். கெட்டவள் இல்லை. பிள்ளைக்குத் தண்ணீர் குறையக் கூடாது என்பதற்காக விதியைக் கடைப்பிடிக்கிறவள். மந்திரி எவரும் என் நாவலில் வரவில்லை, அம்மா போதும்.

பதினாறு வயதுப் பெண் அரசை எதிர்ப்பது நம்பும்படி இல்லை என்று பெரியவர் யாராவது சொன்னால் தில்லையாடி வள்ளியம்மையைக் காட்டுங்கள். ஜோஹானஸ்பர்க்கில் பிறந்த பெண். 1913இல் காந்தியின் சத்தியாக்கிரகப் போராட்டத்தில் சேர்ந்து, மூன்று மாதக் கடுங்காவல் வாங்கி, சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாளில் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. சில மாதங்களில், ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்மேல் போட்டிருந்த மூன்று பவுண்டு வரி போனது, நம் கல்யாணங்களும் செல்லும் என்று சட்டம் வந்தது. அரசு கவிழவில்லை, விதி வளைந்தது. என் நாவலின் முடிவுக்கும் அந்த அளவுதான் வைத்தேன். பிள்ளைகள் ஏமாளிகள் இல்லை. ஒரு பள்ளிக்கூடப் பெண் இருநூறு பக்கத்தில் அரசைக் கவிழ்த்தால் அவர்களுக்கே சிரிப்பு வரும்.

எழுதும் விதத்துக்கு ஒரு மாதிரி காட்டுகிறேன். முதலில் எழுதியது:

"நீர்வளம் முற்றிலும் அழிந்துவிட்ட நிலையில், மாமன்றம் இரவுத் தங்கல் தடைச் சட்டத்தை இயற்றியது."

இப்போது இருப்பது:

"பல்லி இரண்டு தரம் கத்தியது. அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு எங்களை எண்ணினாள். மூன்று. மறுபடியும் எண்ணினாள். மூன்று. 'லோகி, பின்கதவு சாத்திருக்கா பாரு.' சாத்தித்தான் இருந்தது. ஆயா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் முந்தானைக்குள் பக்கத்து வீட்டுக் குழந்தை விரல் சூப்பிக்கொண்டிருந்தது."

சட்டம், கருவி, அம்மாவின் குணம், ஆயாவின் குணம் எல்லாம் இதில் வந்துவிட்டன. விளக்கம் ஒரு சொல்கூட இல்லை. பல்லி என்றால் என்ன என்று வாசகருக்கு இன்னும் தெரியாது. தெரியாமல் இருக்கட்டும், அதற்காகவே பக்கத்தைத் திருப்புவார்.

மொழி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. எங்கள் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள். ஆகவே கதை சொல்வது சுலபமான எழுத்துத்தமிழில், வாக்கியம் பத்துச் சொல்லுக்குள். பேச்சு மட்டும் வீட்டுப் பேச்சில். "கூறினாள்", "வினவினாள்" எல்லாம் வேண்டாம். பழைய சொல் ஒன்று அத்தியாயத்துக்கு ஒருமுறை வந்தால் நல்லது, ஆனால் அது அரசின் அறிவிப்பில் வரட்டும். கஷ்டமான தமிழ் அதிகாரத்தின் வாயில் இருந்தால் பிள்ளைகள் அதை ஆர்வமாகக் கற்றுக்கொள்கிறார்கள், பிறகு ஒருவரையொருவர் கேலி செய்யப் பயன்படுத்துகிறார்கள். "உன் இல்லுறை மூச்சு நாறுதுடா" என்று மண்டபத்தில் ஒரு குரல் கேட்டபோது எனக்கு இலக்கியப் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது.

ரத்தம், அடிதடி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேடையில் ஒரு சாவு போதும்.

அச்சுக்கு அனுப்பும் முன் முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், பெரியவர்களுக்கு அல்ல. ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், கடைசியில் ஒரு நீதி சேர்த்தால் போடுகிறோம் என்றார்கள். திருப்பி வாங்கிக்கொண்டேன். கடைசி அத்தியாயத்தை வகுப்பில் படித்த அன்று லோட் ஷெட்டிங் வேறு. மண்டபம் இருட்டு. சார்ஜ் விளக்கு ஒன்றை நடுவில் வைத்துப் படித்து முடித்தேன். ஆயாவை எடுத்துக்கொண்டு போகிறார்கள், லோகி பல்லியை நிமிர்ந்து பார்க்கிறாள், கதை முடிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். காக்கா, நரி, வடை என்று கேட்டவள் மட்டும் தட்டவில்லை.

"ஆண்ட்டி, அந்த விளக்கைத் திரும்ப யாரு ஏத்துனது?"

நான் எழுதவே இல்லை. பதினோராம் அத்தியாயத்தில் அணைந்த விளக்கு அப்படியே அணைந்து கிடந்தது; ஒன்பது திருத்தத்தில் ஒருதரம்கூட என் கண்ணில் படவில்லை. அன்று இரவு மின்சாரம் வந்ததும் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் சேர்த்தேன். ஏற்றியது லோகியின் அம்மா.